மூன்றாவது பெஞ்ச் வரை தண்ணீர்

மழைக்காலத்தில் குவாரியில் என் நாள் ஒரு பக்கெட் தண்ணீரில்தான் தொடங்கும். பம்பின் தலையில் இருக்கும் மூடியைக் கழற்றி, உறிஞ்சு குழாய் நிறையும் வரை ஊற்ற வேண்டும். பிரைமிங் என்பார்கள். குமிழி நின்று, தண்ணீர் விளிம்பில் அசையாமல் இருந்தால் மூடியை முடுக்கிவிட்டு ஸ்டார்ட்டரை அமுக்கலாம். 20 பக்கெட் ஊற்றியும் நிறையவில்லையா, அடியில் ஃபுட் வால்வு ஒழுகுகிறது. அதன் வாய் எதையோ கவ்விக்கொண்டிருக்கும். ஒரு நாள் ஷாம்பு பாக்கெட், ஒரு நாள் முக்கால் இன்ச் ஜல்லி, ஒரு நாள் செத்த தவளை. யாராவது இறங்கிக் கையை விட்டுத் துழாவ வேண்டும். மேலே டிப்பர்கள் வரிசையில் நிற்கும். ஓனர் போனில் இருப்பார். 30 வருடத் தொழிலில் வெடியைவிட இந்தச் சின்ன வால்வுதான் என்னை அதிகம் பதற வைத்திருக்கிறது.

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலையாட்களைப் பார்த்துக்கொள்ளும் மேட்டாகச் சேர்ந்தவன் நான். ஃபோர்மேன் சர்டிபிகேட் வாங்கி, பிறகு 2008-ல் ஒரகடம் பக்கம் ஒரு கருங்கல் குவாரிக்கு மேனேஜராக வந்தேன். வாலாஜாபாத் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, 4 ஹெக்டேர் குத்தகை, பத்து ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் கூட்டுரோட்டில் அன்றைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மண்தான் பறந்தது. 2010-ல் ரெனோ-நிசான் கார் ஆலை திறந்தது. 2012-ல் டைம்லர் லாரி ஆலை, அடுத்த வருடம் ராயல் என்ஃபீல்டு. அஸ்திவாரத்துக்கும் ரோட்டுக்கும் லாரி நிறுத்தும் யார்டுக்கும் ஜல்லி, ஜல்லி என்று ராத்திரி பகலாக வண்டி வந்தது. மழை பெய்தாலும் வந்தது. அதுதான் சிக்கல்.

எங்கள் கல்லுக்குப் படிப்பாளிகள் வைத்த பெயர் சார்னகைட். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறை இந்த வகைக் கல்லில் செய்தது. தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-ல் அதை ஆராய்ந்து இந்தப் பெயரை வைத்தார். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல் அது. கல்லறையில் பெயர் வாங்கிய கல் என்று நான் பையன்களிடம் சொல்லுவேன். யாரும் சிரித்ததில்லை.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் தண்ணீரைக் கொஞ்சமாவது குடிக்கும். சார்னகைட் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. விழுந்த மழை முழுக்க அப்படியே நிற்கும். வெடிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் ஊற்று கசியும், அதுவும் பெரும்பாலும் மேல்மண்ணும் பாறையும் சேரும் கோட்டில். வெயில் காலத்தில் கூட அந்தக் கோடு ஈரமாக, பச்சைப் பாசி பிடித்து, சுவரைச் சுற்றி ஒரு அரைஞாண் கயிறு மாதிரி தெரியும். புதிதாக ஒரு குவாரிக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். அது தடித்திருக்கும் பக்கத்தில் பாறை வெடிப்புக்குள் தண்ணீர் நிற்கிறது, மழை வலுத்தால் அந்தப் பக்கச் சுவரை நம்பக்கூடாது. கல் தானாக விழுவதில்லை, பின்னால் நிற்கும் தண்ணீர் தள்ளித்தான் விழுகிறது.

கணக்கு எளிது. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். எங்கள் 4 ஹெக்டேரில் ஒரு ராத்திரி 10 சென்டிமீட்டர் பெய்தால் 40 லட்சம் லிட்டர். கார்த்திகையில் அது பெரிய மழையே இல்லை. 25 எச்.பி. மோட்டார் எங்கள் ஆழத்திலிருந்து மணிக்கு லட்சம் லிட்டர் தூக்கும், காகிதத்தில். 40 மணி நேரம். நிஜத்தில் கரண்ட் போகும், பெல்ட் அறும், ஹோஸ் பிய்யும், மூன்று நாள் ஆகும். அதற்குள் அடுத்த மழை வந்திருக்கும்.

இன்னொரு தொல்லை, பம்பு ஓரளவுக்கு மேல் உறிஞ்சாது. புத்தகத்தில் 10 மீட்டர் என்று இருக்கும், நடைமுறையில் 20 அடியைத் தாண்டினால் மூச்சு வாங்கும். தண்ணீர் இறங்க இறங்க பம்பையும் இறக்கிக்கொண்டே போக வேண்டும். முதல் இரண்டு வருடம் நாங்கள் பம்பைச் சங்கிலியில் கட்டி ஹிட்டாச்சியால் இறக்கினோம், அப்புறம் ஏற்றினோம். ஒரு ராத்திரி மழையில் பம்பே மூழ்கிய பிறகுதான் எட்டு தார் டிரம்மைச் சேர்த்துக் கட்டி மேலே பம்பை வைத்து மிதக்கவிட்டோம். அந்தப் புத்தி என்னுடையதல்ல. கடலூர் பக்கத்து வெல்டர் ஒருவர் சொன்னது. கட்டுமரம் பார்த்தவருக்குத்தான் அது தோன்றும்.

தண்ணீர் நின்றால் வெடி வேலையும் கெடும். அம்மோனியம் நைட்ரேட்டும் டீசலும் கலந்த மருந்து விலை குறைவு, ஆனால் ஈரக் குழியில் உப்பு மாதிரி கரைந்துவிடும். ஈரம் தாங்கும் மருந்துக்கு விலை அதிகம். குழியில் கம்ப்ரசர் காற்றை விட்டுத் தண்ணீரை ஊதித் தள்ளி, மருந்தை இறக்கி, களிமண் வைத்து அடைப்போம். அப்படியும் சில வெடிக்காமல் நின்றுவிடும். நின்ற குழிக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டால் அது எங்கே என்று யாருக்கும் தெரியாது. பள்ளத்துச் சுவரைப் படிப்படியாக வெட்டுவோம், ஒரு படிதான் ஒரு பெஞ்ச். அந்த ஒரு காரணத்துக்காகவே மழைக்காலத்தில் அடி பெஞ்சில் வெடி வைக்க நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஓனருக்கும் எனக்கும் இதில் நடந்த சண்டைகளைத் தனியாக எழுதலாம்.

தண்ணீரை வெளியே தள்ளுவது மட்டும்தான் வேலை என்று 2010 வரை நினைத்திருந்தேன். எங்கே தள்ளுகிறோம் என்று யோசித்ததே இல்லை. ஹோஸை இழுத்துக்கொண்டுபோய்க் கிழக்குப் பக்கம் இருந்த ஒரு வாய்க்காலில் விட்டோம். அது புதர் மண்டிக் கிடந்தது. அந்த ஊர் ஏரியின் வரத்துக் கால்வாய் அது என்று எனக்குத் தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள விரும்பவில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். ஒரு ஏரி நிறைந்து கலங்கல் போனால் அடுத்த ஏரிக்கு. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிறைந்தால் செம்பரம்பாக்கத்துக்கு. இங்கே எந்தப் பள்ளத்தில் தண்ணீரை ஊற்றினாலும் அது யாருடைய ஏரிக்கோ போகும் தண்ணீர்தான்.

அந்த வருடக் கடைசியில் ஒரு காலை ஆபீஸ் ஷெட்டுக்கு ஒரு பெரியவர் வந்தார். தோளில் துண்டு இல்லை. துண்டை மூட்டையாகக் கட்டிக் கையில் வைத்திருந்தார். மேஜைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தார். சாம்பல் வெள்ளையாக ஒரு களி, கோலமாவைக் குழைத்த மாதிரி. காய்ந்த இடத்தில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு நாற்று அதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, வேர் முழுக்க வெள்ளை.

“மேனேஜர் தம்பி, இது எங்க கழனியில கெடந்துது. உன் மெஷினு கக்கினது. இதுல நாத்து எப்படிப்பா வேர் புடிக்கும்?”

“பெரியவரே, மழைத் தண்ணிதான் விட்டோம், வேற ஒண்ணும்…”

“மழைத் தண்ணி எங்களுக்குத் தெரியாதா?”

அவர் கத்தவில்லை. அந்தத் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார், களியை மேஜைமேலேயே விட்டுவிட்டு. அன்று மதியம் சாப்பாட்டுக்கு அந்த மேஜையை யாரும் துடைக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கிரஷர் தூசியும் வெடிச் சிதறலின் மாவும் டயர் அரைத்த பொடியும் கலந்ததுதான் அது. மறுநாள் பம்பு வாயிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்து ஆபீஸ் ஜன்னல் திட்டில் வைத்தேன். தேதி, மணி எழுதி ஒட்டினேன். ஒரு மணி நேரத்தில் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல் இறங்கியது. சாயங்காலம் பார்த்தால் மேலே இன்னும் பால். மூன்றாம் நாள் மோர். ஒரு வாரம் கழித்துத்தான் பாட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த வேப்பமரம் தெரிந்தது. இன்னொரு பாட்டிலில் படிகாரம் போட்டேன், அரை மணியில் தெளிந்தது. ஷெட்டைக் கூட்டும் அம்மா இதையெல்லாம் இரண்டு நாள் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து ஒரு தேத்தாங்கொட்டை கொண்டுவந்து பானையின் உள்பக்கம் உரசிக் காட்டினார். விடிவதற்குள் தெளிந்திருந்தது. ஒரு பானைக்குச் சரி. லட்சம் லிட்டருக்குத் தேத்தாமரத் தோப்பே வைக்க வேண்டும்.

அந்த ஜன்னல் திட்டுப் பாட்டில்கள் சொன்னதை வைத்துத்தான் நாங்கள் மூன்று அறைத் தொட்டி வெட்டினோம். பம்புத் தண்ணீர் முதல் அறையில் விழும், மேலாக வழிந்து இரண்டாவதுக்குப் போகும், பிறகு மூன்றாவது. அங்கிருந்து வெளியே. வெட்டி முடித்த பெருமையில் இரண்டு மழை கவனிக்காமல் விட்டோம், முதல் அறை விளிம்பு வரை சேறு. அதற்கப்புறம் தண்ணீர் மூன்று அறையையும் ஒரே அறையாக நினைத்து ஓடியது. ஆடி மாதத்தில் ஒரு தடவை, ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு ஒரு தடவை வாரினால்தான் அது தொட்டி.

2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றாயிற்று. அனுமதிக் கடிதங்களின் நிபந்தனைப் பட்டியலில் பள்ளத்தைச் சுற்றி கார்லண்ட் டிரெயின் என்று ஒரு வரி தவறாமல் வரும். யாரோ அதை ‘மாலைக் கால்வாய்’ என்று மொழிபெயர்த்து எங்கள் ஃபைலில் எழுதியிருந்தார்கள். பொக்லைன் டிரைவருக்கு அது ‘ரவுண்டு வாய்க்கா’. பல குவாரிகளில் அது வரைபடத்தில் மட்டும் ஓடியது. எங்கள் குவாரியிலும் முதல் வருடம் அப்படித்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தொழிலில் கொடுத்த காசுக்கு மேல் திருப்பிக் கொடுத்த ஒரே விஷயம் அந்த வாய்க்கால்தான். உள்ளே விழுந்த தண்ணீரை நூறு அடி தூக்க வேண்டும், மேலேயே மறித்தால் ஒரு சொட்டு டீசல் கூட வேண்டாம். ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம், வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கரையாகப் போட வேண்டும். மண்ணை வெளிப்பக்கம் போட்டால் கால்வாய்க்கே தண்ணீர் வராது. இதை எத்தனை தடவை சொன்னாலும் வண்டிக்காரர்கள் வெளிப்பக்கம்தான் போடுவார்கள், அது அவர்களுக்குக் கை வாகு.

இதற்கிடையில் மேற்கே மேட்டில் இருந்த கழனிகள் போய்விட்டன. அங்கே ஒரு யார்டு வந்தது, புது வண்டிகளையும் கண்டெய்னர்களையும் வரிசையாக நிறுத்தும் இடம். முழுக்கத் தளம் போட்டது. எந்த யார்டு என்பது இங்கே முக்கியமில்லை, அதன் தளத்துக்கு ஜல்லி எங்களுடையது. நானே டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கழனியாக இருந்தபோது 5 சென்டிமீட்டர் மழைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்களுக்கு ஒன்றும் வராது, வரப்பு பிடித்துக்கொள்ளும். தளம் போட்ட வருடம், மழை தொடங்கி 20 நிமிடத்தில் மேற்குச் சுவரில் மூன்று இடத்தில் அருவி. எங்கள் கல் எங்கள் பள்ளத்துக்கே தண்ணீரைத் திருப்பி அனுப்பியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் மட்டும் கால்வாயை இரண்டு மடங்கு அகலப்படுத்தினோம். போதவில்லை. அது 2015-ல் தெரிந்தது.

அந்த வருடம் நவம்பர் முழுக்கவே பெய்தது. எங்களுக்கு மேற்கே கைவிட்ட குவாரிப் பள்ளம் ஒன்று உண்டு. பழைய பள்ளம் என்போம், யார் வெட்டியது என்று ஊரில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அது ஏற்கெனவே கழுத்து வரை நிறைந்திருந்தது. இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் அவர்கள் ஏழரை மீட்டர், நாங்கள் ஏழரை மீட்டர் வெட்டாமல் விட்ட ஒரு தடுப்பு. அதன் விளிம்பு எங்கள் பக்கம் ஓரிடத்தில் இரண்டு அடி தாழ்ந்திருந்தது. ஆடியிலேயே நான் பார்த்தேன். 20 லோடு மண் போட்டு உயர்த்த வேண்டும் என்று நோட்டில் எழுதினேன். எழுதியதோடு சரி.

டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே மழை. எங்களுக்கு ஐந்து பெஞ்ச், ஒவ்வொன்றும் ஆறு மீட்டர். அடியில் ஐந்தாவது பெஞ்சில் ஒரு 210 ஹிட்டாச்சி நின்றது, செயின் கழற்றிப் போட்டு. மற்ற வண்டிகளை முந்தின நாளே மேலே ஏற்றியிருந்தோம். ஆப்பரேட்டர் திண்டிவனம் பக்கத்துப் பையன்.

“சார், ரெண்டு மணி நேரம் குடுங்க. பின்னை அடிச்சுச் செயினை மாட்டிடறேன். ஏத்திடலாம்.”

நான் கொடுத்தேன். அந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுத்திருக்கக்கூடாது. மூன்றே முக்காலுக்கு மேற்கே ஒரு சத்தம், லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்காமல். பழைய பள்ளம் தாழ்ந்த விளிம்பைத் தாண்டிவிட்டது. தடுப்பின் மேல்மண் கரைந்து, பாறை தெரிந்து, அதன்மேல் தண்ணீர் ஒரு பாய் விரித்த மாதிரி எங்கள் பள்ளத்துக்குள் இறங்கியது. விசில் அடித்தேன். பையன் சுத்தியலைப் போடவில்லை. கீழே நின்று மேலே என்னைப் பார்த்தான், செயினைப் பார்த்தான். நான் அவன் அம்மா பெயரைச் சொல்லித் திட்டினேன், இன்று வரை அதற்காக வருத்தப்படவில்லை. அவன் ராம்ப்பில் ஏறி வந்தபோது சுத்தியல் கையிலேயே இருந்தது. ராம்ப்பின் அடிப்பகுதி அவனுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தது.

எங்கள் மழைமானி நிரம்பி வழிந்துவிட்டது, அதனால் எங்கள் கணக்கு எதுவும் இல்லை. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 என்று பேப்பரில் வந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததையும் அடையாற்றில் நடந்ததையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். கார் ஆலைகளே சில நாள் நின்றன. எங்கள் பள்ளத்தைப் பற்றி எழுத யாருமில்லை என்பதால் சொல்கிறேன். தண்ணீர் மூன்றாவது பெஞ்ச் வரை வந்து நின்றது. கீழே இரண்டு பெஞ்சும் ஹிட்டாச்சியும் உள்ளே. சுமார் ஆறரைக் கோடி லிட்டர்.

மூன்றாம் நாள் மழை விட்டதும் ஓனர் இரண்டு புது மோட்டார் அனுப்பினார். இறக்கிக்கொண்டிருக்கும்போதே ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் அந்தத் துண்டுப் பெரியவர்.

“ஏரி கலங்கல் போயிட்டிருக்கு. ஊரு ரோடு பாதி போயிடுச்சு. நீயும் மோட்டாரு போட்டீன்னா மீதியும் போயிடும். இருக்கட்டும் தம்பி, உன் பள்ளத்துலயே கெடக்கட்டும்.”

அந்தத் தண்ணீரில் ஒரு நாளைக்கு எவ்வளவு பணம் மூழ்கிக் கிடக்கிறது என்று ஓனர் எனக்குப் போனில் சொன்னார். நான் அதை அவர்களுக்குச் சொல்லவில்லை. மோட்டாரை ஷெட்டுக்குள் வைத்தோம். மார்கழி பாதி வரை ஒரு சொட்டு இறைக்கவில்லை. அந்த நாட்களில் வேலையில்லாமல் விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். முதலில் டீ நிறம். பிறகு பச்சை கலந்த சாம்பல். ஒரு மாதத்தில், மூழ்கிய நான்காவது பெஞ்சின் விளிம்பு தண்ணீருக்குள் கோடாகத் தெரிந்தது. சிவப்புப் பெயிண்டில் நாங்கள் எழுதிய எண்கூடத் தெரிந்தது. ஜன்னல் திட்டில் ஒரு வாரம் வைத்த பாட்டிலை யாரோ பத்து ஏக்கருக்குச் செய்து வைத்திருந்தார்கள். நான் இத்தனை வருடம் மூன்று அறை வெட்டி வாரிக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் ஏரித் தண்ணீர் குறைந்து, நவரைக்கு நாற்று விடத் தொடங்கியபோது ஊரிலிருந்தே ஆள் அனுப்பினார்கள், இப்போது விடலாம் என்று. மேலாக இருந்த தெளிந்த தண்ணீரை மிதவைப் பம்பில் உறிஞ்சி அதே வரத்துக் கால்வாயில் விட்டோம். ஊர் நீர்க்கட்டி மண்வெட்டியோடு வந்து நின்று மடை மாற்றினார். பிப்ரவரி முதல் வாரத்தில் ஹிட்டாச்சியின் கை தெரிந்தது, முழங்கை மடக்கியபடி. இன்ஜினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார். பையனை நான் மாற்றவில்லை, வேறு வண்டி கொடுத்தேன்.

வெள்ளத்துக்கு அடுத்த வருடம் வேலைத் திட்டத்தையே மாற்றினேன். பள்ளத்தின் தெற்கு மூலையை மட்டும் ஆழமாக வெட்டி மழைக்கு விட்டுவிட்டேன். ஐப்பசி முதல் மார்கழி வரை மேல் பெஞ்சுகளில்தான் வேலை. தண்ணீர் தானாக அந்த மூலைக்குப் போய் நின்று தெளியும், ஊர் கேட்கும்போது இறைப்போம். டீசல் செலவு பாதிக்குக் கீழே வந்தது. அந்தக் கணக்கைக் காட்டித்தான் ஓனரைச் சம்மதிக்க வைத்தேன். மற்ற காரணங்கள் எதையும் அவரிடம் சொல்லிப் பார்க்கவில்லை. அந்தத் தடுப்பில் 20 லோடு மண்ணும் போட்டோம்.

2017-ல் குத்தகை முடிந்தது. நான் பக்கத்தில் வேறு குவாரிக்குப் போனேன். மோட்டாரை எடுத்த மறு மழையில் பள்ளம் நிறையத் தொடங்கியது. அதே வருடம்தான் மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்தில், எப்போதோ வேலை நின்ற இருபதுக்கும் மேற்பட்ட கல் குவாரிகளிலிருந்து குடிநீர் வாரியம் சென்னைக்குத் தண்ணீர் எடுத்தது. செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குழாய் போட்டார்கள். ஒரு நாள் போய்ப் பார்த்தேன். மிதவைமேல் மோட்டார்கள் வரிசையாக. நாங்கள் தார் டிரம்மில் கட்டினோம், அவர்கள் இன்னும் நன்றாகக் கட்டியிருந்தார்கள். வாழ்நாள் முழுக்க எந்தத் தண்ணீரைப் பிடித்து வெளியே தள்ளினோமோ அதை மீட்டர் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் எரிச்சலும்.

2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியில் பாளம் பாளமாக வெடித்த தரைதான் மிச்சம். ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, 50 வேகன், 25 லட்சம் லிட்டர். டி.வி.யில் ரயிலுக்கு மாலை போட்டார்கள். நான் விட்டுவந்த பள்ளத்தின் மூலையில் அப்போதும் இரண்டு கோடி லிட்டர் இருந்திருக்கும். எட்டு ரயில்.

லாரிக்காரர்களுக்கும் அது தெரிந்துவிட்டது. ஆலைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் ஓடும் டேங்கர்கள் ராத்திரியில் ராம்ப் வழியாக இறங்கின. ஒரு டிரைவர் என்னிடமே வந்து ஆழம் எங்கே என்று விசாரித்தார். குடிக்கவா என்று கேட்டேன். யாருக்குத் தெரியும் சார் என்றார். வெடிமருந்து கரைந்த பள்ளத்தில் நைட்ரேட் இருக்கலாம், லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கக்கூடாது, கண்ணுக்குத் தெளிவாக இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அன்று ராத்திரியும் வந்தார்.

மூன்றாம் நாள் ராம்ப்பின் தலையில் குறுக்கே ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. அதில் துண்டைத் தலைக்கு வைத்து அந்தப் பெரியவர் படுத்திருந்தார். எண்பதை நெருங்கியிருப்பார். பக்கத்தில் இரண்டு பையன்கள், ஒரு சொம்பு, ஒரு டார்ச் லைட்.

“எங்க ஏரிக்கு வர்ற தண்ணி இது. உனக்குத் தெரியும்ல தம்பி?” என்றார் எழுந்திருக்காமலே.

தெரியும் என்றேன். டேங்கர்கள் வேறு பள்ளம் பார்க்கப் போய்விட்டன.

போன பங்குனியில் அந்தப் பக்கம் ஒரு காரியமாகப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது. குளிக்க வரும் பையன்கள் அறுத்தது. பெஞ்சிலிருந்து குதித்தால் அடுத்த அடி நாற்பது அடி ஆழம் என்று எழுதிவைத்த பலகையில் துணி காய்கிறது. பெரியவர் இல்லை, போன வருடம் போய்விட்டார் என்றார்கள். மூன்றாவது பெஞ்சில் ஊராட்சி ஒரு சின்ன மோட்டார் வைத்திருக்கிறது, வேலி ஓரம் நட்ட கன்றுகளுக்கும் மாட்டுத் தொட்டிக்கும். இருபது வயதுப் பையன் ஒருவன் பக்கெட் பக்கெட்டாகப் பம்பு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தான். குமிழி வந்துகொண்டே இருந்தது.

“எத்தனை ஊத்துன?”

“பதினெட்டு இருக்கும் சார்.”

குழாயைத் தொட்டுப் பார்த்தேன். நேராகத் தரையில் போய் உட்கார்ந்திருந்தது. பாறைமேல் படிந்த அந்த வெள்ளைக் களியில்.

“அதைச் சேத்துல ஒக்கார வெச்சிருக்கப்பா. ஃபுட் வால்வை மேல இழு. நல்லா ஒதறு. அப்புறம் தரையிலேருந்து ரெண்டு அடி ஒசத்திக் கயித்துல கட்டு.”

இழுத்தான். வால்வு வாயிலிருந்து களி வழிந்தது, நடுவில் ஒரு முக்கால் இன்ச் ஜல்லி. அவன் அதை எடுத்துத் தூர எறிந்தான். இரண்டு பேருமாகக் கயிற்றைக் கட்டினோம். மறுபடி ஊற்றினான். பதினோராவது பக்கெட்டில் குமிழி நின்றது.